தங்க நிற ஜெல்டா கார்ட்ரிட்ஜ் என்ன விலை போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கன்சோல் விளையாட்டுகள் சேர்க்கும் ஆள் என்று தெரிந்ததும் முக்கால்வாசிப் பேர் என்னிடம் கேட்பது ஜெல்டாவைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

முதலில், எந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் 'த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா', அந்தத் தொடரின் முதல் விளையாட்டு. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது, இசை கோஜி கோண்டோ. ஜப்பானில் 1986 பிப்ரவரியில் டிஸ்க் வடிவில் வந்தது. அமெரிக்காவுக்கு 1987இல் என்.ஈ.எஸ். (நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்) கன்சோலுக்கான கார்ட்ரிட்ஜாக, அதாவது கன்சோலில் செருகி விளையாடும் பிளாஸ்டிக் பெட்டகமாகப் போனபோது, மற்ற கார்ட்ரிட்ஜெல்லாம் சாம்பல் நிறமாக இருக்க இதை மட்டும் தங்க நிறத்தில் வார்த்துவிட்டார்கள். போதாக்குறைக்குப் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சிறு வெட்டு வைத்து, உள்ளே மின்னுவது கடையிலேயே கண்ணில் படும்படி செய்தார்கள். இன்றைக்கு இத்தனை பேர் இதைப் புதையல் என்று நம்புவதற்குப் பாதிக் காரணம் அந்த நிறம்தான்.

என்னிடம் அந்தத் தங்க நிற கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. பெரிய பணமா?

இல்லை. கோபப்படாதீர்கள், ஆனால் இல்லை.

பெட்டி, கையேடு எதுவும் இல்லாத வெறும் கார்ட்ரிட்ஜ் என்றால் சில பத்து டாலர்தான். லேபிள் பளிச்சென்று இருந்தால் கொஞ்சம் கூட, பேனாவால் பெயர் எழுதியிருந்தால் கொஞ்சம் குறைவு. காரணம் எளிது: உலகம் முழுக்க 65 லட்சத்துக்கும் மேல் விற்ற விளையாட்டு இது. அமெரிக்காவில் வாங்கியவர்களில் பலரும் நிறத்துக்காகவே தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அழகாக இருப்பதால் எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்?

இன்னொரு குழப்பமும் இதில் கலந்திருக்கிறது. 1990இல் நிண்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப் போட்டிக்காகச் செய்த கார்ட்ரிட்ஜுகளில், பத்திரிகைப் போட்டிப் பரிசாக 26 மட்டுமே தங்க நிறத்தில் கொடுத்தார்கள். அது உண்மையிலேயே அரிது, விலையும் அப்படித்தான். 'தங்க நிற நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ் பெரிய விலை போனதாம்' என்று எங்கோ கேட்டதை ஜெல்டாவோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் நிறம் மட்டும்தான் ஒற்றுமை.

அப்படியானால் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு விற்றது என்கிறார்களே, பொய்யா?

உண்மைதான். 2021 ஜூலையில் ஹெரிட்டேஜ் என்ற அமெரிக்க ஏல நிறுவனத்தில் ஒரு ஜெல்டா அந்த விலைக்குப் போனது. ஏலம் கேட்ட தொகை 7,25,000, அதன் மேல் வாங்குபவர் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய 20 சதவீதம், ஆக 8,70,000. அதுவரை ஏலத்தில் எந்த வீடியோ கேமும் அவ்வளவு போனதில்லை. அந்தப் பெருமை இரண்டே நாள்தான் நீடித்தது. அதே ஏலத்தில் 'சூப்பர் மாரியோ 64' 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போய் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

ஆனால் விற்றது என்ன என்று கவனிக்க வேண்டும். அது கடையிலிருந்து வந்தபடியே பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி. அதுவும் முதல் சில மாதங்களில் அச்சான பெட்டி. அதுவும் வாட்டா என்ற தரமிடும் நிறுவனம் பெட்டிக்கு 9.0, உறைக்கு 'ஏ' என்று மதிப்பெண் போட்டு அக்ரிலிக் கூட்டுக்குள் அடைத்தது. அந்தப் பணம் விளையாட்டுக்குக் கொடுத்த பணம் இல்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் ஒருவரும் நகத்தால்கூடக் கீறாமல் விட்ட ஒரு பிளாஸ்டிக் தாளுக்கும், அதன் அடியில் முனை மழுங்காமல் இருக்கும் அட்டைப் பெட்டிக்கும் கொடுத்தது. உறையைப் பிரித்த அந்த நொடியில் அதே பொருள் சில நூறு டாலர் சரக்காகிவிடும். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜோ உங்களிடம் இருக்கும் அதே கார்ட்ரிட்ஜ்.

சீல் பிரிக்காதது எதுவானாலும் அந்த விலை வருமா?

வராது. எந்த அச்சு என்பதுதான் கேள்வி. பெட்டியில் 'நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்ற பெயரை ஒட்டி ஒரு பொடி வணிகக் குறி இருக்கும். முதன்முதலில் அச்சானதில் அது 'டிஎம்'. அடுத்து வந்ததில் வட்டத்துக்குள் 'ஆர்'. 2021இல் விற்றது இந்த இரண்டாவது வகை, 1987 கடைசியில் சில மாதங்கள் மட்டுமே அச்சானது என்று ஏல நிறுவனமே விவரத்தில் போட்டிருந்தது. 1988இல் திருத்திய பெட்டி வந்துவிட்டது, அதன் பிறகு வந்தவை ஏராளம்.

இன்னொரு அடையாளம் நிண்டெண்டோவின் தர முத்திரை. முதலில் வட்டமாக இருந்தது, 1989 வாக்கில் நீள்வட்டமாகிவிட்டது. நீள்வட்ட முத்திரை போட்ட பெட்டியை 'முதல் பதிப்பு' என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பிந்தைய அச்சு சீல் பிரிக்காமல் இருந்தாலும் நல்ல விலைதான், ஆனால் அந்தச் செய்தித் தலைப்பு விலையோடு ஒப்பிட்டால் அடிமட்டம்.

பெட்டியோடு முழு செட் என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

கார்ட்ரிட்ஜ், வெளிப்பெட்டி, கையேடு, மடித்து வைத்த வரைபடம், கார்ட்ரிட்ஜ் செருகும் கறுப்பு பிளாஸ்டிக் உறை, பெட்டியின் அடியில் இடத்தை அடைக்க வைத்த தெர்மாகோல் துண்டு. கடைசியாகச் சொன்ன தெர்மாகோலைப் பாதிப் பேர் குப்பையில் போட்டிருப்பார்கள், அதனால் 'முழு செட்' என்று விற்பவர்களில் பலரிடம் அது இருக்காது. பலர் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை.

வரைபடம் விஷயம் வேறு. அது இல்லாவிட்டால் விலை நன்றாகவே இறங்கும். பிள்ளைகள் தரையில் விரித்துப் போட்டு, குகை இருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டு, மடிப்பில் கிழிந்துபோய், அப்புறம் எங்கே போனதென்றே தெரியாமல் போன பொருள் அது. என்னிடம் உள்ள வரைபடத்தில் யாரோ ஒரு குழந்தை ஒரு கட்டத்தில் 'இங்கே போகாதே' என்று பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடும் போட்டிருக்கிறது. விற்க நினைத்தால் அது பழுது. நான் விற்கவில்லை.

பெட்டியும் கையேடும் வரைபடமும் நல்ல நிலையில் இருந்தால் விலை நூறு டாலரைத் தாண்டும், பளபளவென்று இருந்தால் அதற்கும் மேலே. கார்ட்ரிட்ஜைவிட அட்டைக்குத்தான் மதிப்பு என்பது இங்கேயும் பொருந்தும். பெட்டி வாங்கும்போது முன்பக்க வெட்டைச் சுற்றி அட்டை மடங்கியிருக்கிறதா, மேல் மூடியில் கிழிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாம்பல் நிற ஜெல்டா ஒன்று பார்த்தேன். போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. பிற்பாடு மறுவெளியீடு செய்தபோது சாதாரண சாம்பல் நிறத்தில் விட்டார்கள். தங்க நிறத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது, ஆனாலும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எதுவும் இல்லை. குறைவாக இருந்தால் விலை ஏறும் என்பது பாதி உண்மைதான். அதைக் கேட்டு வர ஆள் வேண்டும், ஜெல்டா என்றால் ஆட்கள் கேட்பது தங்க நிறத்தைத்தான்.

ஜப்பான் டிஸ்க் பதிப்புதானே முதலில் வந்தது? அது ஏன் இவ்வளவு மலிவு?

நல்ல கேள்வி, எனக்கும் இது ஆற்றாமைதான். என்.ஈ.எஸ்.ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமுக்கு டிஸ்க் சிஸ்டம் என்று ஒரு துணைக் கருவி உண்டு, அதற்காக வந்த மஞ்சள் நிற டிஸ்க் அது. உண்மையான முதல் பதிப்பு அதுவே. ஆனால் ஜப்பானில் அது நிறைய விற்றது, தவிர அந்த டிஸ்க்குகளைக் கடையில் வைத்திருந்த இயந்திரத்தில் 500 யென் கொடுத்து வேறு விளையாட்டாக மாற்றி எழுதிக்கொள்ளலாம். லேபிளில் ஜெல்டா என்றிருக்கும், உள்ளே வேறு ஏதாவது இருக்கும். இன்றைக்கு அந்த டிஸ்க் ஓட்டியில் உள்ள ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுத்துப் போயிருக்கும், மாற்றாமல் எதையும் சோதிக்கவும் முடியாது. இதெல்லாம் சேர்ந்து விலையைக் கீழேயே வைத்திருக்கிறது.

அதில் ஒரு வேடிக்கை. ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் மைக் உண்டு, அதில் கத்தினால் முயல் காது வைத்த ஒரு வகை எதிரி செத்துவிடும். அமெரிக்கக் கன்ட்ரோலரில் மைக்கே கிடையாது, ஆனால் அந்தக் கையேட்டிலும் 'இதற்குச் சத்தம் பிடிக்காது' என்ற குறிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனை பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியிருக்குமோ.

ஜப்பானிலும் 1994இல் கார்ட்ரிட்ஜாக ஒன்று வந்தது. சேர்ப்பவர்கள் அதையும் தேடுகிறார்கள்.

பேட்டரி செத்துப்போயிருந்தால் விலை குறையுமா?

குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆட்டத்தைச் சேமிக்க கார்ட்ரிட்ஜுக்குள் சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும், கைக்கடிகாரம், கணினியில் எல்லாம் வரும் அதே வகை. முப்பது வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கும் பேட்டரிகளை நானே பார்த்திருக்கிறேன், நேற்று வேலை செய்து இன்றைக்குக் கைவிட்டவையும் உண்டு. செத்தாலும் விளையாட்டு ஓடும், சேமிப்பு மட்டும் நிற்காது.

சோதிப்பது இப்படி: ஒரு பெயரைப் பதிவு செய்யுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தை நிறுத்துங்கள். இது மூடநம்பிக்கை இல்லை, மின்சாரம் அறுபடும் நேரத்தில் நினைவகத்தில் கண்டதும் எழுதப்பட்டுச் சேமித்தது கெட்டுப்போகாமல் இருக்க விளையாட்டே சொல்லும் வழி. மறுநாள் காலையில் போட்டுப் பாருங்கள், பெயர் இருந்தால் பேட்டரி நலம். விளையாடிக்கொண்டிருக்கும்போது சாகாமலே சேமிக்க, ஆட்டத்தை நிறுத்தி இரண்டாவது கன்ட்ரோலரில் மேல் திசையையும் 'ஏ'யையும் சேர்த்து அழுத்த வேண்டும். இது தெரியாமல் வேண்டுமென்றே எதிரியிடம் போய் விழுந்து சேமித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

மாற்றுவதானால், 3.8 மி.மீ. அளவில் வரும் பிரத்யேகத் திருப்புளி வேண்டும், சாதாரணத் திருப்புளியால் நெம்பினால் திருகின் தலை போய்விடும், கார்ட்ரிட்ஜின் வெளி ஓட்டிலும் கீறல் விழும். பற்றவைக்க உலோகக் கால் வைத்த பேட்டரியாக வாங்கிப் பற்றவையுங்கள். டேப் ஒட்டிச் சமாளிப்பது வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் சேமிப்பு போய்விடும். பழைய பேட்டரியை எடுத்ததும் அதில் இருந்த ஆட்டங்கள் அழிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். சின்ன வயதில் விளையாடிய அண்ணனின் பெயர் அதில் இன்னும் இருக்கிறது என்றால், கழற்றுவதற்கு முன் அந்தத் திரையை ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

விற்கும்போது புதிய பேட்டரி போட்டதைச் சொல்லிவிடுங்கள். விளையாட வாங்குபவர் மகிழ்வார், திறக்காத கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும் என்பவர் விலகிப்போவார். இரண்டுமே நல்லதுதான்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெறும் கார்ட்ரிட்ஜ் மலிவு என்பதால் போலி செய்பவர்கள் ஜெல்டாவைத் தொட மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பெயர் பெற்றது எதையும் விடுவதில்லை.

லேபிளின் அச்சை வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் எழுத்து விளிம்புகள் கூர்மையாக இருக்கும், மறு அச்சில் லேசாகக் கலங்கியிருக்கும், நிறமும் ஒன்று வெளிறியோ ஒன்று அடித்துக்கொண்டோ வரும். என்.ஈ.எஸ்.-இசட்.எல். என்று தொடங்கும் குறியீடு லேபிளில் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் எடை சொல்லும் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திறந்து பார்ப்பதுதான் தீர்ப்பு: உள்ளே பச்சைப் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும், தனித்தனி சில்லுகளும் அந்த நாணய பேட்டரியும் ஒழுங்காகப் பற்றவைத்து உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் பிசின் உருண்டை மட்டும் இருந்தால் மூடி வைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கையேடு, வரைபடம், பெட்டி மூன்றுக்கும் இப்போது நல்ல நகல்கள் அச்சாகின்றன. நகல் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. சொல்லாமல் அசல் கார்ட்ரிட்ஜோடு சேர்த்து 'முழு செட்' என்று விற்பதுதான் பிரச்சினை, அதிகம் நடப்பதும் அதுதான். காகிதத்தின் வாசனையும் மடிப்பு ஓரத்தின் பழுப்பும் பொய் சொல்வது கடினம்.

மறுபடி சீல் போட்டு ஏமாற்றுகிறார்களாமே?

என்னையே ஏமாற்றியிருக்கிறார்கள். ஜெல்டா இல்லை, அதைவிட மலிவான ஒன்று, நல்லவேளை. விற்றவர் அனுப்பிய படங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டுமே. பெட்டி வந்து பின்பக்கம் திருப்பிப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. நிண்டெண்டோ ஆலையில் போட்ட உறையில் பின்பக்கம் நடுவே குறுக்காக ஓர் ஒட்டு ஓடும், இரு ஓரங்களிலும் ஒட்டு இருக்கும், சேர்த்துப் பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி. என் கையில் இருந்ததில் அப்படி எதுவும் இல்லை, அன்பளிப்புப் பொட்டலம் மாதிரி சுருக்கிய வழவழ உறை. உள்ளே பெட்டியின் மூடி விளிம்பில் திறந்து மூடிய வெள்ளைத் தழும்பு உறைக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. முப்பது வருடம் பிரிக்காத பெட்டிக்கு மூடித் தழும்பு எப்படி வரும்?

அதிலிருந்து பின்பக்கம், ஓரங்கள், மூடி விளிம்பு என எல்லாப் படமும் கேட்காமல் வாங்குவதில்லை. தர மறுப்பவரிடம் நமக்கு வேலை இல்லை.

தரமிட்டு மதிப்பெண் வாங்கினால் விலை கூடுமா?

சீல் பிரிக்காததற்கு, ஆம், பெரிய தொகையாக இருந்தால் கிட்டத்தட்ட கட்டாயம், ஏனென்றால் வாங்குபவருக்கு உறை அசல்தான் என்ற உறுதி வேண்டும். வாட்டா, வி.ஜி.ஏ., சி.ஜி.சி. ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. வாட்டா பத்துக்கு எண் போட்டு உறைக்குத் தனியாக எழுத்து கொடுக்கும், வி.ஜி.ஏ. நூறுக்குப் போடும்.

வெறும் கார்ட்ரிட்ஜைத் தரமிட அனுப்புவது எனக்குப் புரியாத விஷயம். கட்டணம், போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்த்தால் கார்ட்ரிட்ஜின் விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தவிர, அக்ரிலிக்குக்குள் போனதை விளையாட முடியாது.

சரியான விலையை எங்கே பார்ப்பது?

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏலத் தளங்களில் 'விற்றவை' என்று வடிகட்டும் வசதி இருக்கும், பிரைஸ்சார்ட்டிங் மாதிரி தளங்கள் அதையே தொகுத்துத் தருகின்றன, வெறும் கார்ட்ரிட்ஜ், முழு செட், புதியது என்று தனித்தனியாக. ஒருவர் ஐயாயிரம் டாலர் என்று போட்டு மூன்று வருடமாக விற்காமல் வைத்திருப்பதும் விலையாகத்தான் கண்ணில் படும். அதை நம்பி வந்து 'என்னுடையதும் ஐயாயிரம்' என்பவரிடம் பேசிப் பயனில்லை.

ஒரே ஒரு விற்பனையையும் நம்ப வேண்டாம். கடைசிப் பத்து விற்பனையை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

முதலீடாக வாங்கி வைக்கலாமா?

நான் மாட்டேன். 2020, 2021 இரண்டு வருடமும் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம், கையில் பணமும் நேரமும் இருந்தவர்கள் சின்ன வயதுப் பொருட்களைத் தேடினார்கள், விளையாட்டு தெரியாத முதலீட்டாளர்களும் நுழைந்தார்கள். சீல் போட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2020 ஜூலையில் 1,14,000 டாலர், 2021 ஏப்ரலில் இன்னொரு பிரதி 6,60,000. ஒன்பதே மாதம். இப்படி ஏறியது அதே வேகத்தில் ஏறிக்கொண்டே போகாது, போகவும் இல்லை. உச்சத்தில் வாங்கிய பலர் தரமிட்ட பெட்டிகளை நட்டத்துக்கு விற்றார்கள். வெறும் கார்ட்ரிட்ஜ் விலையோ அந்த ஆட்டத்தில் பெரிதாகக் கலந்துகொள்ளவே இல்லை, கொஞ்சம் ஏறிக் கொஞ்சம் இறங்கியது.

எனக்கு விளையாடிப் பார்த்தால் போதும்.

அப்படியானால் கார்ட்ரிட்ஜே தேவையில்லை. 2016இல் வந்த சிறிய என்.ஈ.எஸ். கிளாசிக் கருவியில் இருக்கிறது, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான சந்தாவில் இருக்கிறது, 2021இல் வந்த கையடக்க ஜெல்டா கேம் அண்ட் வாட்சிலும் இருக்கிறது. எங்கே விளையாடினாலும் பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஜெல்டா என்று கொடுத்துப் பாருங்கள், இடங்களெல்லாம் மாற்றி வைத்த கடினமான இரண்டாவது ஆட்டம் நேரடியாகத் திறக்கும்.

எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி வைத்துக்கொள்வது?

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்புத் தொடுமுனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் தொடுமுனைகளைத் துடைத்துக் காயவிட்டால் போதும், பஞ்சு கறுப்பாக வருவதைப் பார்த்தால் உங்களுக்கே அசிங்கமாக இருக்கும். ஆல்கஹால் லேபிளில் படக்கூடாது. பேனா எழுத்தை அழிக்கிறேன் என்று தேய்த்து லேபிளின் பளபளப்பைக் கெடுத்தவர்கள் அதிகம், எழுத்தோடே விட்டால் விலை அவ்வளவு விழாது.

பெட்டிக்கு வெயில்தான் எதிரி. நேர் வெளிச்சம் படாத, ஈரமில்லாத இடம், மேலே எதையும் அடுக்காமல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் காப்புப் பெட்டிக்குள்.

விற்கப் போகிறேன். படம் எப்படி எடுக்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். தங்க நிறம் ஃபிளாஷில் மின்னிக் கீறலையெல்லாம் மறைத்துவிடும், வாங்குபவர் அதைப் பார்த்தவுடன் நீங்கள் மறைக்கிறீர்கள் என்றே நினைப்பார். முன், பின், மேல், தொடுமுனை, பெட்டியின் ஆறு பக்கம், விரித்த வரைபடம், சேமித்த பெயர் தெரியும் திரை. கிழிசல் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு படம், பக்கத்தில் விரலை வைத்து.